ஒரு கட்டை தள்ளி

எங்கள் வீட்டுப் பியானோவின் வயிற்றைக் கழற்றி ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். எல்லாம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

பழுது பார்க்கப் பியானோவை மொத்தமாகத் தூக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்பலகையை எடுத்துவிட்டு நாலு திருகைக் கழற்றினால், எண்பத்தெட்டுச் சுத்தியல்களும் சேர்ந்த ஒரு சட்டம் அப்படியே கையோடு வந்துவிடுகிறது. நாம் கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும், அதுதான் சத்தம். சுத்தியலின் தலையில் கம்பளி ஒட்டியிருக்கும். எங்கள் பியானோவில் அது தேய்ந்து கல்லாகிவிட்டது. "ஒரு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, பழுது பார்ப்பவர் சட்டத்தைப் போர்வையில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கூடத்தில் பியானோ வாயைத் திறந்துகொண்டு நின்றது.

என் மனைவி பாடகி. ஒலிபெருக்கி இல்லாமல், அறுபது வாத்தியங்களைத் தாண்டி, கடைசி வரிசை நாற்காலிவரை குரலை அனுப்புகிற வகைப் பாட்டு. பெண்குரல்களில் ஆக உயரமானதை சோப்ரானோ என்பார்கள். அவள் அது. மற்ற நேரத்தில் வீட்டில் வகுப்பு எடுக்கிறாள். நான் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். புதன்கிழமை கடைக்கு விடுமுறை.

இருபத்தாறு வருடம் பாடியதில் முக்கால்வாசியை அவள் மாற்றுப் பாடகியாகவே கழித்தாள். மாற்றுப் பாடகியின் வேலை என்ன தெரியுமா? முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டும். உடையை இஸ்திரி போட்டு மாட்டி வைக்க வேண்டும். பிறகு தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதன்மைப் பாடகிக்கு இருமல் வருமா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தால் ஓட வேண்டும். வராவிட்டால் உடையை மறுபடி அலமாரிக்குள் மாட்ட வேண்டும். இத்தனை வருடத்தில் இருமல் நாலே தடவைதான் வந்தது. "அத்தனை பேருக்கும் இரும்பு நெஞ்சு" என்பாள்.

இந்த வருடம்தான் முதல் முறையாக அவள் பெயரே சுவரொட்டியில் வரப்போகிறது. பெரிய குழுப்பாட்டு. எண்பது பேர் பாடுவார்கள், வாத்தியங்கள் முழங்கும். முடிவில் எல்லாம் அடங்கி, அவள் குரல் மட்டும் தனியாகப் படியேறி 'மேல் சி' என்ற சுரத்தில் போய் நிற்கும். எட்டு எண்ணிக்கை, அதுவும் மெதுவாக, சன்னமான குரலில்.

அந்த மெதுவாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பியானோவின் நடுவில் சி என்று ஒரு வெள்ளைக் கட்டை உண்டு. அங்கிருந்து வலது பக்கம் பதினான்கு வெள்ளைக் கட்டை தள்ளிப் போனால் மேல் சி. அதைப் பாடும்போது தொண்டைக்குள் நகத்தளவு இருக்கும் இரண்டு மடிப்புகள் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடித்துக்கொள்கின்றன. சத்தமாகப் பாடினால் மூச்சின் வேகமே மடிப்புகளை அசைத்துவிடும். மெதுவாகப் பாட வேண்டுமானால் நூல் மாதிரி மூச்சை விட்டு அதே ஆயிரத்தை எடுக்க வேண்டும். சைக்கிளை வேகமாக ஓட்டுவது சுலபம், விழாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதே கதைதான்.

பியானோ இல்லாமல் பயிற்சி எப்படி? என் தங்கை தன் கீபோர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, பத்திரமா வச்சுக்கோங்க. உங்க பழைய மர டப்பா மாதிரி இல்ல. இதுல இருநூறு வாத்தியம் இருக்கு."

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள் என் மனைவி.

"ஒண்ணாவது நல்லா இருக்கட்டும்னுதான் கொண்டாந்தேன்."

என் தங்கை உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். வார இறுதியில் தோழிகளோடு பாட்டுக் கச்சேரி. அவள் வெள்ளைக் கட்டைகளை மட்டுமே வாசிப்பாள். கறுப்புக் கட்டை தன் குடும்பத்துக்கு ஆகாது என்பாள். அந்தக் கீபோர்டை பியானோவின் மூடிமேல் வைத்தோம். பெரியவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தது மாதிரி இருந்தது.

முதல் வாரத்திலேயே பிரச்சினை தொடங்கிவிட்டது.

குரலுக்கு கியர் உண்டு. கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி மடிப்புகள் இயங்கும். நடுவில் ஓரிடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் அந்த இடம் ஏறக்குறைய நிலையானது. என் மனைவிக்கு இருபத்தாறு வருடமாக ஒரே கட்டையில்தான் கியர் மாறும். அந்த வாரம் அது ஒரு கட்டை முன்னாலேயே மாறியது. மேல் சி கீறிக்கொண்டு வந்தது. சில நாள் வரவே இல்லை.

"வயசாயிடுச்சுங்க" என்றாள், தட்டில் கை வைத்தபடி.

"போன மாசம் ஆகலியா?"

"இப்படித்தான் ஆகும். ஒரு நாள் காலைல எந்திரிச்சா ஒரு படி காணாமப் போயிருக்கும். என் டீச்சருக்கும் அப்படித்தான் போச்சு."

பத்து வருடத்துக்கு முன் அவள் இதே பாட்டைப் பாடிய பழைய ஒலிப்பதிவை சமையலறையில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள். கண்ணீர் எதனால் என்று நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் மாணவர்களும் தொல்லை கொடுத்தார்கள். பல் மருத்துவர் அம்மா ஒருவர் செவ்வாய்க்கிழமை வருவார். "தொண்டை கட்டிருக்கு டீச்சர்" என்றார். வெள்ளிக்கிழமை வருகிற அக்கா தங்கை இருவரும் உச்சத்தில் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டார்கள். "தூசி சீசன்" என்று என் மனைவி அவர்களுக்குச் சமாதானம் சொன்னாள். மாணவர்களுக்குத் தூசி, தனக்கு வயசு. காரணத்தை ஆள் பார்த்துக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய் மதியம் ஒரே ஒரு தடவை அந்தச் சுரம் வந்தது. மெலிசாக, ஊசிமுனை மாதிரி. சாப்பிட வந்திருந்த நான் கைதட்டினேன். "இது வந்ததே இல்ல, தப்பிச்சு ஓடினது" என்றாள்.

நிகழ்ச்சிப் புத்தகம் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகிறது. பெயரை மாற்றுவதானால் அதற்குள் சொல்ல வேண்டும். புதன் காலை பத்து மணிக்கு என் மனைவி கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இசைக்குழுவை நடத்துகிற கண்டக்டருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'என் குரல் ஒத்துழைக்கவில்லை. மாற்றுப் பாடகியைப் பாடச் சொல்லுங்கள். மன்னிக்கவும்.' அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே" என்றேன்.

"மேடைல கீறினா எண்ணூறு பேரு கேப்பாங்க. வீட்ல கீறினா நீங்க மட்டும்தான்."

பத்தரைக்கு அழைப்பு மணி அடித்தது. லிப்ட் வந்தார். அவர் புதன்கிழமை மாணவர், வேலை லிப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டில் பெயரே அதுதான். கனத்த குரல், கனத்த காலணி, சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டர். இரண்டு வருடமாகப் பாட்டுப் படிக்கிறார். மூன்று வாரம் வெளியூர் வேலையில் இருந்துவிட்டு அன்றுதான் வகுப்புக்கு வந்தார். லிப்ட் கிணற்றுக்குள் நின்று பாடினால் குரல் நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து பாட்டுப் பைத்தியம்.

என் மனைவி ஒன்றுமே நடக்காதவள்போல் பாடம் தொடங்கினாள். மேலே போகப்போக லிப்ட்டின் முகம் சிவந்தது. வழக்கமாகச் சுலபமாக எடுக்கிற உச்சத்தில் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"மாட்டிக்கிச்சு டீச்சர். ரெண்டு மாடிக்கு நடுவுல."

"மூச்சைக் கீழ வைங்க. காதை நம்பாதீங்க, உடம்பை நம்புங்க."

இது அவள் எல்லோருக்கும் சொல்வது. நாம் பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அதனால் நம் குரலை நாமே தப்பாகத்தான் கேட்கிறோம். நம் பேச்சை ஒலிப்பதிவில் கேட்டால் யாரோ மாதிரி இருப்பது அதனால்தான். ஆகவே பாடுகிறவர்கள் சத்தத்தை அல்ல, உடம்பில் அது எங்கே எப்படி இருக்கிறது என்பதை நினைவு வைத்துக்கொள்கிறார்கள்.

"உடம்பை நம்பித்தான் சொல்றேன்" என்றார் லிப்ட். "இது அந்த இடம் இல்ல. இதுக்கு மேல்மாடி."

"உங்களுக்கும் தூசி பிடிச்சிருக்கும்."

"வேற யாருக்குப் பிடிச்சிருக்கு?"

நான் நடுவில் புகுந்து பட்டியல் சொன்னேன். பல் மருத்துவர், அக்கா தங்கை. என் மனைவி என்னை முறைத்தாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாத காரணத்தால், "எனக்கும்தான்" என்று சேர்த்தாள்.

லிப்ட் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "டீச்சர், ஒரு கட்டடத்துல ஒரு லிப்ட் நின்னா நான் லிப்ட்டைத் தொறந்து பாப்பேன். அஞ்சு லிப்ட்டும் ஒரே நாள்ல நின்னா, லிப்ட்டைத் தொடவே மாட்டேன். நேரா கீழ போய் கரண்ட் எங்க வருதுன்னு பாப்பேன்."

மூன்று பேரும் கீபோர்டைப் பார்த்தோம்.

"இதுக்கு டெஸ்டர் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. என் மனைவி இழுப்பறையிலிருந்து இசைக்கவையை எடுத்தாள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கால் வைத்த இரும்புக் கவை. தட்டினால் நொடிக்குச் சரியாக நானூற்று நாற்பது தடவை அதிரும். கூடுதலும் கிடையாது, குறைவும் கிடையாது. அதற்கு வயசாவதில்லை, தூசியும் பிடிக்காது. பியானோவின் நடுவில் உள்ள 'ஏ' என்ற கட்டையும் அதே நானூற்று நாற்பது.

முழங்காலில் தட்டி, கவையின் அடியைப் பியானோவின் மரத்தில் ஊன்றினாள். கூடம் முழுக்க ஒரு சன்னமான ரீங்காரம். லிப்ட் கீபோர்டில் 'ஏ' கட்டையை அழுத்தினார்.

இரண்டும் ஒட்டவில்லை. கீபோர்டு மேலே நின்றது.

லிப்ட் இடது பக்கம் ஒரு வெள்ளைக் கட்டை தள்ளி அழுத்தினார். கவையும் கீபோர்டும் ஒரே குரலாகிவிட்டன.

"ஒரு மாடி தூக்கி வச்சிருக்காங்க டீச்சர்."

என் மனைவி கீபோர்டின் சின்னத் திரைக்குக் குனிந்தாள். "இதுல என்ன போட்டிருக்கு? ஏதோ பூச்சி மாதிரி..."

நான் என் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, கைப்பிடியை விரிக்காமலே பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துப் பார்த்தாள். திரையின் மூலையில் எறும்பளவு எழுத்தில் 'கூட்டல் இரண்டு' என்று குறி இருந்தது. ஒரு வெள்ளைக் கட்டை தள்ளினால், நடுவிலிருக்கும் கறுப்பையும் சேர்த்து எண்ணி இரண்டு. மூன்று வாரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவன் வீட்டில், "எனக்கெதுக்குக் கண்ணாடி" என்று சொல்கிற மனைவி. வெட்கம் யாருக்கு அதிகம் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

நான் தங்கைக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"ஆமா, அந்தப் பொத்தானை நாந்தான் அழுத்தி வச்சிருக்கேன்" என்றாள் சாவகாசமாக. "பாடுறவங்களுக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்கிக்கிட்டா நான் வெள்ளைக் கட்டையிலயே ஓட்டிடலாம்ல. என் ஃப்ரெண்டுக்கு ரெண்டு ஏத்தணும். அணைச்சாலும் அது மறக்காது, நல்ல மெஷின். ஏண்ணா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. உங்க அண்ணிக்கு வயசு குறைஞ்சிடுச்சு."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். லிப்ட்டும் சேர்ந்துகொண்டார். அவர் சிரித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். "ஊருக்கெல்லாம் உடம்பை நம்புன்னு சொல்லிட்டு, நான் இந்த பிளாஸ்டிக்கை நம்பியிருக்கேன். கியர் மாறுற இடம் சரியாத்தான் இருந்திருக்கு. கட்டைதான் தள்ளி இருந்திருக்கு." சிரிப்பு பாதியில் நின்றது. "மணி என்ன?"

பத்து ஐம்பத்தைந்து.

கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினாள். கண்டக்டரின் பதில் வந்திருந்தது: 'வருத்தமாக இருக்கிறது. மாற்றுப் பாடகி ஒப்புக்கொண்டார். அச்சகத்தில் சொல்லிவிட்டேன்.'

உடனே அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். கண்டக்டர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அதாவது, உங்க குரல் கெடல. உங்க கீபோர்டு கெட்டிருந்தது."

"கெடல. ஏத்தி வச்சிருந்தாங்க."

"நான் இருபது வருஷத்துல நிறைய காரணம் கேட்டிருக்கேன். இது புதுசு" என்றார் அவர். "நான் மண்டபத்துலதான் இருக்கேன். பன்னிரண்டுக்குள்ள வந்து மேடைப் பியானோவோட பாடிக் காட்டுங்க. வந்துச்சுன்னா உங்க பேரு. வரலைன்னா அவங்க பேரு. போன்லயே பாடிடாதீங்க. அந்த உயரத்தை விசில்னு நெனச்சு போன் அமுக்கிடும்."

லிப்ட் ஏற்கெனவே காலணி மாட்டிக்கொண்டிருந்தார். "வேன் கீழதான் நிக்குது."

வேனில் முன்னால் இரண்டு இருக்கைதான். நான் பின்னால் இரும்புக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துகொண்டேன். குரலை சட்டென்று மேலே தூக்கக் கூடாது. உதட்டை ஒட்டி வைத்து, குதிரை மாதிரி 'புர்ர்ர்' என்று மூச்சுவிட்டுக்கொண்டே மெல்ல ஏற வேண்டும். உதடு கொஞ்சம் தடுப்பதால் தொண்டை மடிப்புகளுக்கு பாரம் குறைகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் என் மனைவி இசைக்கவையை முழங்காலில் தட்டி, காதில் வைத்து, புர்ர்ர் என்றாள். ஒரு சிக்னலில் லிப்ட்டும் துணைக்கு புர்ர்ர் என்றார். பக்கத்து ஸ்கூட்டர்காரர் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது பதினொன்று நாற்பது. காலி நாற்காலிகள். மேடையில் ஒரே ஒரு விளக்கு. கண்டக்டர் பியானோ முன் உட்கார்ந்திருந்தார், காதில் போன். "அச்சகம்தான். லைன்ல இருக்காங்க" என்று சைகை காட்டி, போனை அப்படியே பியானோமேல் வைத்தார். பிறகு கடைசிப் பக்கத்தின் முதல் சுரங்களை வாசித்தார்.

அவள் பாட ஆரம்பித்தாள். நானும் லிப்ட்டும் கடைசி வரிசையில் நின்றோம்.

முதல் படிகள் சாதாரணமாகத்தான் இருந்தன. எனக்குத் தெரிந்தவரை அவள் எதையோ கேட்கிறவள் மாதிரி இல்லை. வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி, கை தானாகப் போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கியர் மாறுகிற இடம் வந்தது. எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. மாறினதே தெரியவில்லை. அதற்கு மேல் நாலு படி. மூன்று வாரமாக மேல் சி என்று நினைத்துக்கொண்டு அவள் அதற்கும் மேலே ஒரு படி முட்டிக்கொண்டிருந்தாள் அல்லவா? இப்போது உண்மையான சி வந்தபோது அது தலைக்குமேல் இல்லை. கண்ணுக்கு நேராக இருந்தது.

மெதுவாக. ஒன்று, இரண்டு, மூன்று. லிப்ட் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எட்டில் அவள் நிறுத்தவில்லை. பத்து வரை வைத்திருந்தாள்.

கண்டக்டர் பியானோமேல் இருந்த போனை எடுத்தார். "ஹலோ. பழைய பேரையே போடுங்க. ஆமா, நாலாம் பக்கம்." வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "எட்டுதான் எழுதியிருக்கு."

"ரெண்டு கூட்டல்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தை மூடும்போது தோள் குலுங்கியது. "மாற்றுப் பாடகிக்கு யார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

அந்த அழைப்புக்கு அவள் மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டாள். பாடியதைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தாள் என்று நினைக்கிறேன். மாற்றுப் பாடகி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், நாற்பது வயசு. தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று என் மனைவிக்குத் தெரியும். அந்த மணி அடிப்பதும் தெரியும், பிறகு இன்னொரு மணி அடித்து 'வேண்டாம்' என்பதும் தெரியும். காரணம் எதையும் மழுப்பவில்லை. பொத்தான், மூன்று வாரம், கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் இந்த ரெண்டு மணி நேரத்துல டிரஸ் இஸ்திரி போட்டுட்டேன்" என்றது மறுமுனை.

"தெரியும். நானும் போட்டிருப்பேன். மன்னிச்சிடும்மா."

"நீங்க சத்தியமா நல்லா இருக்கீங்களா? தொண்டை, நெஞ்சு எல்லாம்?"

"நல்லா இருக்கேன்."

"சும்மா கேட்டேன்" என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தார் அவர். "ஐஸ் தண்ணி நிறைய குடிங்க."

இரண்டு வாரம் கழித்து நிகழ்ச்சி நடந்தது. மாற்றுப் பாடகி அரங்கின் பக்கவாட்டில், இஸ்திரி போட்ட அதே உடையில் உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுரத்தின்போது அவரும் மூச்சை அடக்கியிருந்ததை நான் பார்த்தேன். முடிந்ததும் முதலில் எழுந்து நின்று தட்டினவர் அவர்தான். என் மனைவி பூங்கொத்தில் பாதியைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். அடுத்த வருடம் அந்தப் பாட்டை இருவரும் ஆளுக்கொரு நாள் பாடுவது என்று கண்டக்டரிடம் பேசி முடித்துவிட்டாள். கண்டக்டர் உடனே சம்மதித்துவிடவில்லை, மூன்று அழைப்பு தேவைப்பட்டது.

பியானோவின் வயிறு திரும்பி வந்ததும் என் தங்கை கீபோர்டை எடுத்துப்போக வந்தாள்.

"அண்ணி, பயிற்சி கொடுத்தவங்கன்னு புத்தகத்துல என் பேரைப் போட்டிருக்கலாம். மூணு வாரம் எடை தூக்க வச்சிருக்கேன். எங்க ஜிம்ல இதுக்குத் தனி ஃபீஸ்."

"உன் ஜிம்ல எடை எவ்வளவுன்னு சொல்லிட்டுத்தானே தூக்கச் சொல்வே?"

"சொன்னா எவன் தூக்குவான்?"

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை தப்பித்து ஓடிய ஊசிமுனைச் சுரம் உண்மையில் மேல் 'டி', சிக்கு அடுத்த படி. வாழ்க்கையில் அவள் தொட்டதே இல்லை என்று நினைத்த இடம். தெரிந்த பிறகு பத்து தடவை முயன்று பார்த்தாள், ஒரு தடவைகூட வரவில்லை.

"இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை பத்தரைக்கு மணி அடித்தது. கதவைத் திறக்கப் போன நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, நான் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியை ஒழுங்காகக் காதில் மாட்டிக்கொண்டு, சின்னத் திரையைக் குனிந்து பார்த்து, ஒரே ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்தினாள். பூஜ்யம் போய் 'கூட்டல் ஒன்று' வந்தது.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

லிப்ட் உள்ளே வந்தார். கீபோர்டைப் பார்த்தார். என் மனைவியின் மூக்கில் கண்ணாடியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு இசைக்கவையை எடுத்தார், புத்தம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை, அதை முழங்காலில் தட்டினார்.